மலையில் ராத்திரிச் சோறு

ஏற்காட்டில் ராத்திரி சீக்கிரம் வந்துவிடும். அதிலும் மார்கழியில், சேர்வராயன் கோயில் மேட்டிலிருந்து மூடுபனி இறங்கத் தொடங்கிவிட்டால் ஆறு மணிக்கே கடைக்காரர்களுக்குக் கை பரபரக்கும். காது வரைக்கும் மப்ளர் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராகப் பலகையை எடுத்துச் சார்த்துவார்கள். நாகலூர்ப் பக்கம் போகும் கடைசி பஸ் கிளம்பியதோ இல்லையோ, ஊர் படுத்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகாத பையனாக அங்கே ஒரு வங்கிக் கிளைக்கு வேலைக்குப் போன எனக்கு இந்த ஆறு மணிதான் பெரிய பிரச்சினை. கணக்கு முடித்து, கல்லா சரிபார்த்து வெளியே வரும்போது மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். மே மாதத்தில் நேர் எதிர். அடுப்பு அணையாது, ஆனால் கீழேயிருந்து கார் கட்டிக்கொண்டு வந்த கூட்டத்துக்கு நடுவில், மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடுகிறவனுக்கு இலை விழாது. சமைக்க வேண்டுமென்ற ஆசையெல்லாம் எனக்கு இருந்ததில்லை. பசிதான் அடுப்பைப் பற்றவைத்தது.

கோயிலுக்குப் போகும் சாலையில், வீடுகள் முடிந்து காபித் தோட்டம் தொடங்கும் இடத்தில் ஓர் ஓட்டு வீடு. பின்பக்கம் எனக்கு ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபிச் செடி. அறையின் மூலையில் ஒரு கடப்பைக் கல் மேடை, அதன்மேல் என்னுடைய மண்ணெண்ணெய்த் திரி ஸ்டவ். வீட்டுக்காரர் எஸ்டேட்டில் மேஸ்திரி. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். மேஸ்திரியின் அம்மாவை ஊரே ஆயா என்றது, நானும் ஆயா என்றேன். அவர்கள் சேர்வராயன் மலையின் பூர்வகுடிகளான மலையாளி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது, பேச்சு சுத்தத் தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் மலைக்கு ஒருவராகக் குடியேறிய கதையை ஆயா நேற்று நடந்ததுபோலச் சொல்லும்.

எங்கள் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்று தனியாக ஒன்று கிடையாது. மத்தியானத்தின் மிச்சம்தான் ராத்திரி. சூடு பண்ணிய குழம்பு, வடித்த சாதம், மோர், அதிகம் போனால் ஒரு சுட்ட அப்பளம். அம்மாவின் சமையல் திறமையெல்லாம் பகல் பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடும். மலையில் தனியாகப் பொங்க ஆரம்பித்ததும் இந்தக் கணக்கு தலைகீழானது. காலையில் நேரமில்லை, பகலில் ஆபீஸ். ஆகவே ராத்திரிதான் அடுப்பு. ராத்திரி மிஞ்சியது மறுநாள் டிபன் பாக்ஸில் போகும். தனிக்கட்டைகள் எல்லாருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாளின் நல்ல சாப்பாடு இருட்டிய பிறகு, யாரும் பார்க்காதபோதுதான் நடக்கிறது.

ஊரிலிருந்து கிளம்பும்போது அக்காமார்கள் கொடுத்த சாமான்களோடு மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ புத்தகமும் இருந்தது. 1951-இல் வந்த புத்தகம். கல்யாணமாகிப் போகும் பெண்களின் பெட்டியில் வெள்ளிக் குங்குமச் சிமிழோடு சேர்த்து வைக்கப்பட்டது. பையன்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. என்னுடையது பெரியக்கா தன் பிரதியைத் தாராளமாக விட்டுக்கொடுத்தது. மலையில் அந்தப் புத்தகம் எனக்கு உதவிய விதத்தைவிட உதவாத விதத்தைத்தான் சொல்ல வேண்டும். எல்லாம் குடும்பத்துக்கான அளவு. அதை ஒரு ஆளுக்கு வகுத்தால் பெருங்காயம் எவ்வளவு, புளி எவ்வளவு? வங்கியில் வட்டிக் கணக்கு போடுகிறவனுக்கு இது முடியாததில்லை, ஆனால் சமையல் அப்படி வகுபடாது. நாலு பேர் சாம்பாரை நாலால் வகுத்தால் ஒருவர் சாம்பார் வராது. சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், தாளிப்பு கூடுதலாகத் தெரியும், உப்பு ஒரு சிட்டிகை தவறினாலும் காட்டிக்கொடுக்கும்.

பருப்பு விஷயம் இதைவிடச் சுவாரசியமானது. துவரம் பருப்பைப் பாத்திரத்தில் வேகவைத்தால் அது வேகவே வேகாது. தண்ணீர் என்னவோ தளதளவென்று கொதிக்கும். பருப்பு மட்டும் அதன் பாட்டுக்கு முழுசாகக் குதித்துக்கொண்டிருக்கும். கடைக்கார அண்ணன் பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டாரோ என்றுகூடத் தோன்றும். காரணம் கடையில் இல்லை, மலையில் இருந்தது. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலையும் இறங்கும். கீழே 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அங்கே 95-இலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிரச் சூடேறாது. அந்த ஐந்து டிகிரிக் குறைச்சல்தான் பருப்பின் பிடிவாதம். சேலத்துக்கு இறங்கி ஒரு சின்ன பிரஷர் குக்கர் வாங்கிவந்த பிறகுதான் என் வீட்டில் பருப்பு குழைந்தது. குக்கருக்குள் நீராவி அடைபட்டு அழுத்தம் ஏறுவதால் சூடு 115 டிகிரியைத் தாண்டும், மலையின் வேலை அங்கே செல்லாது.

ஆயாவிடம் இந்த விஞ்ஞானத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுக்குத்தாங் கண்ணு நாங்க ராத்திரியே ஊறப்போடறது” என்றது.

ஊறப்போடுவது, தணலில் விடுவது, மூடி வைப்பது. ஆயாவின் சமையல் பெரும்பாலும் இந்த மூன்றுதான். மொச்சையும் தட்டப்பயறும் முதல் நாளே தண்ணீரில் கிடக்கும். கொள்ளை மாலையில் விறகடுப்பின் ஓரத்தில் ஏற்றிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடும். வெந்த தண்ணீரை வடித்து ரசம், கொள்ளை மத்தால் மசித்துக் கடைசல். ஒரு வேளைக்கு இரண்டு பண்டம், ஒரே அடுப்பு. நான் ஒரு பாத்திரத்துக்கு ஒரு தீக்குச்சி செலவழித்து மண்ணெண்ணெயை எரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ஆயாவுக்கு மனசு ஆறாது. “ஒத்தை ஆளுக்கு எதுக்குக் கண்ணு இத்தனை ஏனம்?” என்று கேட்கும். ரேஷன் கார்டு மாற்றல் ஆகி வராத காலம் அது; மண்ணெண்ணெயைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

களி கிண்டுவதைப் பற்றி ‘சமைத்துப் பார்’ சொல்லித்தராததை விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்து கற்றேன். பானையில் ஒரு கைப்பிடி நொய்யைப் போட்டு வேகவிட வேண்டும். நொய் மலர்ந்து தண்ணீர் சலசலக்கும்போது கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். கிளறக் கூடாது, என்னைப் போன்றவர்களுக்குக் கை துறுதுறுக்கிற இடம் அதுதான். துடுப்பின் காம்பால் மாவுக் குவியலின் நடுவில் ஒரு குழி போட்டால், கொதிக்கிற தண்ணீர் அந்தக் குழி வழியே மேலே வந்து மாவை உள்ளிருந்து வேகவைக்கும். மூடி வைத்து, விறகை வெளியே இழுத்துத் தணலில் விட வேண்டும். பச்சை மாவு வாசனை போய் ஒரு மாதிரி வறுத்த வாசனை வரும். அப்போது பானையை இறக்கி, இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் ஒரே மூச்சாகக் கிண்ட வேண்டும். எழுபது வயது ஆயா பேசிக்கொண்டே கிண்டும். வங்கிக் குமாஸ்தாவுக்குப் பாதியில் தோள்பட்டை கழன்றுவிடும். தண்ணீர் தொட்ட தட்டில் போட்டு உருட்டினால் பளபளவென்று உருண்டை விழும். விரலில் ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். கூடவே கொல்லையில் பறித்த பண்ணைக்கீரைக் கடைசல். முதல் நாள் நான் அதை மென்று சாப்பிட்டதைப் பார்த்து வீடே சிரித்தது. களியைக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். பல்லுக்கு அதில் வேலையில்லை.

சாமைச் சோறு இதற்கு நேர்மாறு, சமைப்பது சுலபம். ஒரு பங்கு சாமைக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் போதும். அரிசிக்கு முன்னால் வெந்துவிடும். கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால். மலைச் சரிவில் மானாவாரியாக விளைந்த சாமையை உரலில் போட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போனதா என்று பார்த்து, மறுபடி குத்தி, கல் பொறுக்கி... இருட்டுக்கு முன்னால் உரல் சத்தம் கேட்டால் அந்த வீட்டில் ராத்திரி சாமை என்று அர்த்தம். எனக்கு அது மணமாகவும் ருசியாகவும் இருந்தது. அக்காவுக்கு அது தோள்வலியாக இருந்தது. இதை நான் அப்போது யோசித்ததில்லை.

காய்கறி எல்லாம் கீழேயிருந்துதான் வரும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற தக்காளி பாதி நசுங்கியிருக்கும், விலை மட்டும் நிமிர்ந்து நிற்கும். ஆகவே மலையில் என்ன கிடைக்கிறதோ அதைச் சமைக்க வேண்டும் என்ற புத்தி தானாக வந்தது. மேராக்காய் கொடியில் தொங்கும், கேட்காமலே கொடுப்பார்கள். பலா பழுக்கிற மாதங்களில் ஊரே அந்த வாசனையில் மிதக்கும். சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சாம்பாரில் போடுவேன், அல்லது ஆயாவின் அடுப்புத் தணலில் புதைத்துவைத்துத் தோலுரித்துத் தின்பேன். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இந்த மலைக்குக் காபியையும் பேரியையும் கொண்டுவந்தவர் என்பார்கள். அவருடைய காபி எஸ்டேட்காரர்களை வாழவைத்தது. பேரிக்காய் எங்களைப் போன்ற மாதக் கடைசிக்காரர்களை வாழவைத்தது. நறநறவென்று கடினமான நாட்டுப் பேரியை உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்றால் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பொரியலுக்குச் சமம். பட்டர் ஃப்ரூட்டை அப்போது யாரும் மதிக்கவில்லை. மரத்தடியில் விழுந்து கிடக்கும். இன்றைக்குச் சென்னையில் அதை அவகாடோ என்று ஸ்டிக்கர் ஒட்டி ஒவ்வொன்றாக விற்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

மழைக்காலத்தில் சளி பிடித்துப் படுத்திருந்த ஒரு சாயங்காலம், மேஸ்திரி ஆட்டுக்கால் மாதிரி ரோமம் படர்ந்த ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். முடவாட்டுக்கால் கிழங்கு. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் தண்டு அது. கத்தியால் மேலே இருக்கிற பழுப்பு ரோமத்தைச் சுரண்டி, தோல் சீவி, வில்லை வில்லையாக நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு அம்மியில் நசுக்கிக் கொதிக்கவிட்டு வடிகட்டினால் சூப். குடித்துப் பார்த்தால் சத்தியமாக ஆட்டுக்கால் சூப்பேதான். முட்டிவலிக்கு நல்லது என்று மலையில் சொல்வார்கள். முட்டிவலிக்கு எப்படியோ, நான் அன்று ராத்திரி போர்வைக்குள் வேர்த்துப்போய்த் தூங்கினேன். இப்போது கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சுற்றுலாக்காரர்களுக்கு அதைக் குவளையில் ஊற்றி விற்கிறார்கள்.

சேர்வராயன் கோயில் மலையின் உச்சி, 5,326 அடி. மேலே போனால் கோபுரம் ராஜகோபுரம் என்று எதையும் எதிர்பார்க்கக் கூடாது. தட்டையான புல்வெளி, அதன் ஓரத்தில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சேர்வராயனும் காவேரியம்மனும். குகை காவேரி வரைக்கும் போகிறது என்று ஆயா சொல்லும். லீவு நாட்களில் மாலை நேரத்தில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு, இருட்டுவதற்குள் ஓட்டமும் நடையுமாக இறங்கிவந்து குக்கரை ஏற்றுவது என் வழக்கமாக இருந்தது. அப்போதெல்லாம் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு பாக்சைட் ஏற்றிப் போகும் லாரிகள் மலையில் ஓடும். செம்மண் தூசி சாலையோரக் கீரையில் படிந்து, நாலு தண்ணீர் கழுவினாலும் சிவப்பாக வடியும்.

மே மாதம் கோயில் திருவிழா. மலை முழுவதிலுமிருந்து மலையாளி மக்கள் வருவார்கள். பொரிக்கடை, வளையல் கடை, ராட்டினம் என்று புல்வெளி அடையாளம் தெரியாமல் மாறிவிடும். ஆயா வீட்டில் எத்தனை உறவுக்காரர்கள் படுத்திருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, திண்ணையிலிருந்து என் அறை வரைக்கும் பாய். எனக்கு அந்த ராத்திரிதான் முதல்முறையாக அண்டா சமையல் பழக்கமானது. மேஸ்திரி சோறு வடித்தார், அக்காவும் அவர் நாத்தனாரும் குழம்பு. “சாரு ரசம் நல்லா வெப்பாரு, அவரே வெக்கட்டும்” என்று ஆயா தீர்ப்புச் சொல்லிவிட்டது. தஞ்சாவூர் ரசமா மலை ரசமா என்று கேட்டதற்கு, “தண்ணியா இருந்தாச் செரி” என்றது. ஒரு ஆளுக்கு வகுக்கப் பழகியவனுக்கு ஐம்பது பேருக்குப் பெருக்குவது எளிதாகவே இருந்தது. பெரிய பாத்திரம் பிழைகளை மன்னிக்கும். புளி கொஞ்சம் கூடினால் இன்னொரு குடம் தண்ணீர், அவ்வளவுதான். கொல்லையில் காய்ந்த மிளகை அங்கேயே இடித்துப் போட்டோம். அந்த ரசத்தை மறுபடி ஒருநாளும் அதே ருசியில் என்னால் வைக்க முடியவில்லை. மிளகுதான் காரணம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சில நாட்கள் மலைப்பாதையில் மண் சரியும், மரம் விழும். பஸ் நின்றால் தக்காளி நின்றது, பால் பாக்கெட் நின்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் ஏற்காடு சாலையில் மண்சரிவு ஏற்பட்டு போக்குவரத்து நின்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என் மனைவி “பாவம், அங்கே எல்லாரும் என்ன சாப்பிடுவாங்க?” என்றாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. ஊறப்போட்ட மொச்சை, கொள்ளு, பரணில் இருக்கிற கேழ்வரகு. இப்போதும் பரணில் கேழ்வரகு இருக்குமா என்ற சந்தேகம் பிறகுதான் வந்தது.

தண்ணீர் வடிந்து, பாதை சரியான பிறகு போய்வந்தோம். என் அறை ஹோம்ஸ்டே ஆகியிருந்தது, கடப்பைக் கல் இருந்த இடத்தில் வெந்நீர் கீசர். ஆயா இல்லை. மேஸ்திரிக்குக் காது மந்தம். அக்காவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது, தலையெல்லாம் வெளுத்திருந்தும். விருந்தாளிகளுக்கு என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்டேன். சாதம், சாம்பார், சிக்கன் வறுவல், பையன்கள் வந்தால் ஃப்ரைடு ரைஸ் என்றார். வீட்டுக்கு? ரேஷன் அரிசிதான். 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்த அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசமாகிவிட்டது. அதற்கப்புறம் யார் சரிவில் போய்ச் சாமை விதைத்து, பன்றிக்கும் குருவிக்கும் காவல் இருந்து, அறுத்துக் குத்துவார்கள்? ஐ.நா. சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்து, சென்னைக் கடைகளில் தீட்டிய சாமை அழகான பாக்கெட்டில் வந்துவிட்டது. அதைத் தின்று வருகிற எனக்கு இந்த மாற்றத்தைக் குறை சொல்ல யோக்கியதை இல்லை. இலவச அரிசி அந்த வீட்டுப் பெண்களின் தோளிலிருந்து உலக்கையை இறக்கிவைத்தது, அது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் நாக்கு கேட்கவில்லை. “ஒரு வேளை சாமைச் சோறு கிடைக்குமா அக்கா? நாளைக்கு வேணாலும் சரி” என்றேன்.

“உரலு பின்னாடிதாங் கெடக்குது சார். நீங்க குத்திக் குடுங்க, நா வடிச்சுப் போடறேன்” என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அன்று ராத்திரி ரேஷன் அரிசிச் சோறு, கொள்ளுக் கடைசல், ரசம். ரசம் நான் வைத்தது. தண்ணியாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை.